வரிக்கு இரண்டு பேர், ரேஷன் கடைக்கு ஒரு குடும்பம்: கல்யாணத்துக்குப் பின் பார்க்க வேண்டிய கணக்கு வழக்கு

கல்யாணம் முடிந்து முதல் தடவை வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வரும் மாப்பிள்ளைகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இனிமே டாக்ஸ் எவ்ளோ குறையும்?" ஒரு ரூபாயும் குறையாது என்றால் முகம் சுண்டிப்போகும். கூட வந்த பெண் கேட்பது வேறு: "எங்கம்மா வீட்டு ரேஷன் கார்டுலயே என் பேரு இருக்கு, பரவாயில்லையா?" இரண்டில் கெட்டிக்காரக் கேள்வி அதுதான்.

வருமான வரித்துறையின் கண்ணுக்குக் கணவனும் மனைவியும் இரண்டு பேன் கார்டுகள், அவ்வளவே. அமெரிக்கா போலச் சேர்ந்து தாக்கல் செய்யும் வசதி இங்கே இல்லை. ஆனால் அரசு உதவி என்று வந்துவிட்டால் இருவரும் ஒரே குடும்பம், ஒரே அட்டை, ஒரே வருமான வரம்பு. கல்யாணத்துக்குப் பின் வருகிற பணச் சிக்கல் பெரும்பாலும் இந்த இரட்டைப் பார்வையைக் கவனிக்காததால் வருவது. இது தமிழ்நாட்டில் வாழும் தம்பதிகளுக்கான வழிகாட்டி. முகூர்த்த நாளிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: மொய் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள்

கல்யாணத்துக்கு வரும் பரிசுக்கு வரி கிடையாது. யார் கொடுத்தாலும் சரி, எவ்வளவு கொடுத்தாலும் சரி, மேல் வரம்பு இல்லை. சாதாரண நாளில் உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் முழுத் தொகையும் வருமானத்தில் சேரும். கல்யாணம் அதற்கு விலக்கு. பிறந்தநாள், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதற்கும் இந்தச் சலுகை இல்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துக்கும் கல்யாணப் பரிசு என்ற பெயரில் விலக்குக் கேட்க முடியாது.

சலுகை யாருக்கு என்பதில்தான் நம் ஊர் வழக்கம் இடிக்கிறது. சட்டம் விலக்குத் தருவது கல்யாணம் செய்துகொள்கிறவருக்கு. நம் வீடுகளிலோ மொய் மேசையில் உட்காருபவர் பங்காளி, பணம் போவது அப்பாவின் பைக்கு. கல்யாணச் செலவை அவர்தானே செய்தார், நியாயம்தான். ஆனால் ஆறு லட்சம் மொய்ப் பணத்தை அப்பா தன் வங்கிக் கணக்கில் கட்டி, பின்னால் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு நோட்டீஸ் வந்தால், "மகன் கல்யாண மொய்" என்ற பதில் அவருக்கு முழுப் பாதுகாப்பு ஆகாது. மணமக்கள் கணக்கில் கட்டுவதுதான் சுத்தம். மொய் நோட்டு, அழைப்பிதழ், மண்டப ரசீது மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். மொய் நோட்டைத் திருப்பிச் செய்வதற்கான கடன் புத்தகமாகத்தான் நாம் பார்க்கிறோம். வரித்துறையிடம் அது நல்ல சாட்சியும்கூட.

ரொக்கத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பரிசுக்கு வரி இல்லை என்பது வேறு, ரொக்கத் தடை வேறு. அப்பாவே மகளுக்கு 3 லட்சம் நோட்டாகக் கொடுத்தாலும் மீறல்தான். வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

நகை விஷயத்தில் 1994 மே மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தல் இன்றும் பேசப்படுகிறது. சோதனைக்குப் போகும் வீட்டில் மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்றது அது. பவுன் கணக்கில் சொன்னால் கழுத்தில் தாலி ஏறியதும் 31 பவுன் 62 பவுன் ஆகிறது. இதை "62 பவுன் வரை கணக்கே வேண்டாம்" என்று புரிந்துகொள்பவர்கள் நிறைய. பறிமுதல் செய்ய மாட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள் என்பதல்ல. அம்மா வீட்டில் போட்ட நகைக்கு அம்மா வாங்கிய ரசீது இருந்தால் நகலெடுத்து வையுங்கள். பின்னால் விற்கும்போது லாபக் கணக்குக்கு அவர் வாங்கிய விலைதான் எடுத்துக்கொள்ளப்படும், அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும்.

இரண்டாம் படி: வரி ஏன் குறையவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ள தனிநபருக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) சேர்த்து 12.75 லட்சம்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆண்டுக்கு 22 லட்சம் சம்பளம் வருகிறது. முதல் வீட்டில் இருவரும் ஆளுக்கு 11 லட்சம் சம்பாதிக்கிறார்கள். கட்டும் வரி பூஜ்யம். இரண்டாவது வீட்டில் கணவர் மட்டும் 22 லட்சம் வாங்குகிறார், மனைவி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே வரி, செஸ் எனும் கூடுதல் வரி உட்பட, 2,40,500 ரூபாய். அதே வருமானம், அதே அளவு குடும்பம். இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. விரும்புகிறவர்கள் சேர்ந்து தாக்கல் செய்ய வழி வேண்டும் என்று பட்டயக் கணக்காளர் கழகமும் 2025 பட்ஜெட்டுக்கு முன் கேட்டுப் பார்த்தது.

கோவாவில் மட்டும் கதை வேறு. போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டத்தின்படி அங்கே தம்பதியின் சொத்து பொது என்பதால், சம்பளம் தவிர்த்த வருமானத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். நமக்கு அந்த யோகம் இல்லை.

மூன்றாம் படி: மனைவி பெயரில் போடுமுன் யோசியுங்கள்

இந்த 2,40,500 ரூபாயைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது "பணத்தை அவள் பெயருக்கு மாற்றிவிடலாமே" என்பதுதான். மாற்றலாம். கணவன் மனைவிக்கு எவ்வளவு கொடுத்தாலும் வாங்கியவருக்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானம் கொடுத்தவர் தலையிலேயே விழும். ஆடிட்டர்கள் இதை 'கிளப்பிங்' என்பார்கள். 1961 சட்டத்தில் இது 64ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததில் எண் மாறியதே தவிர சாரம் மாறவில்லை.

கணவர் சம்பளம் 18 லட்சம். மனைவி பெயரில் 10 லட்சத்துக்கு 7 சதவீத வட்டியில் எஃப்.டி. போடுகிறார். ஆண்டு வட்டி 70,000. மனைவிக்கு வேறு வருமானம் இல்லை, எனவே வரியும் இல்லை என்று நினைக்கிறார். இல்லை. அந்த 70,000 கணவரின் வருமானத்தில் சேர்ந்து, 20 சதவீத வரியும் செஸ்ஸுமாக 14,560 ரூபாய் கேட்கும். மனைவி பெயரில் வாங்கிய பங்கை விற்ற லாபத்துக்கும் இதே கதி.

அடுத்த ஆண்டு அந்த 70,000 வட்டியை மனைவி தனி எஃப்.டி.யாகப் போட்டால், அதில் வரும் 4,900 ரூபாய் அவருடைய சொந்த வருமானம். விதை கணவருடையது, முதல் விளைச்சலும் அவர் கணக்கில். அந்த விளைச்சலை மறுபடி விதைத்தால் அது மனைவியுடையது. இருபது வருடம் பொறுமையாகச் செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் இரண்டையும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்துவிட்டால் எது விதை, எது விளைச்சல் என்று யாராலும் பிரிக்க முடியாது. தனித்தனியாக வையுங்கள்.

கணவன் மனைவி என்ற உறவு கொடுத்த நாளிலும் வருமானம் வந்த நாளிலும் இருந்தால்தான் இந்த விதி பொருந்தும். 1947 டிசம்பரில் கல்கத்தாவில் ஒருவர் தனக்கு நிச்சயமான பெண்ணுக்குக் கம்பெனிப் பங்குகளை எழுதிக்கொடுத்தார். சில நாட்களில் கல்யாணம் நடந்தது. பங்கின் வருமானத்தைக் கணவரோடு சேர்க்கப் பார்த்தது வரித்துறை. கொடுத்தபோது அவர் மனைவி இல்லை என்று 1963இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

பலரும் கோட்டை விடுவது மாமனார் வழியில். மாமனாரோ மாமியாரோ மருமகளுக்கு எழுதிக்கொடுத்த சொத்தின் வருமானமும் கொடுத்தவர் கணக்கில்தான் சேரும். மருமகனுக்குக் கொடுத்தால் அப்படிச் சேராது. ஏன் இந்தப் பாரபட்சம் என்று சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கடை வைத்திருப்பவர்கள் மனைவிக்குச் சம்பளம் எழுதுவதும் இதே வலையில்தான் வரும். தொழிலின் லாபத்தில் கணவருக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், மனைவியின் சம்பளம் கணவர் வருமானத்தில் சேரும். தொழில் படிப்போ தொழில்நுட்பத் தகுதியோ இருந்து, அந்தத் திறமைக்காகவே கொடுத்த சம்பளம் என்றால் விலக்கு. பி.ஃபார்ம் படித்த மனைவி மருந்துக் கடையைப் பார்த்துக்கொண்டால் சம்பளம் நிற்கும். ஜவுளிக் கடையில் கல்லாவில் உட்காரும் மனைவிக்கு நிற்பது கஷ்டம். காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை அவர்தான் கடையையே நடத்துவார், ஆனாலும் அப்படித்தான்.

சட்டத்துக்குள் நின்று செய்யக்கூடியவையும் உண்டு. இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் அதிக வரி கட்டுபவர் சம்பளம் வீட்டுச் செலவுக்குப் போகட்டும், குறைந்த வரி கட்டுபவர் சம்பளம் முதலீட்டுக்குப் போகட்டும். அவரவர் சம்பாத்தியத்தில் வந்த வருமானம் அவரவருடையது. நம் வீடுகளில் வழக்கம் இதற்கு நேர் எதிர்: "அவ சம்பளம் வீட்டுக்கு, என் சம்பளம் சேமிப்புக்கு." மனைவிக்குப் பணத்தை இனாமாகக் கொடுக்காமல், நியாயமான வட்டிக்குக் கடனாக வங்கி வழியே கொடுத்து, வட்டியை உண்மையிலேயே வாங்கினாலும் கிளப்பிங் வராது. வட்டி கணவருக்கு வருமானம். அதற்கு மேல் மனைவி ஈட்டியது மனைவிக்கு. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டிக்கு வரியே இல்லை என்பதால் அதை மனைவி பெயரில் போட்டால் சேர்ப்பதற்கும் ஒன்றும் இருக்காது.

சிறுவாடு? வீட்டுச் செலவுக் காசில் மிச்சம் பிடித்து அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்த பணத்தில் நீதிமன்றங்கள் பெண்கள் பக்கம் நின்றதுண்டு. 2016 பணமதிப்பிழப்பின்போது இல்லத்தரசிகள் வங்கியில் கட்டிய 2.5 லட்சம் வரையிலான தொகையை அவர்கள் வருமானமாகக் கருதக் கூடாது என்று வருமான வரித் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு 2021இல் சொன்னது.

எஃப்.டி. மனைவி பெயரில் இருந்தால் வங்கி டி.டி.எஸ். (வட்டி தரும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பதும் மனைவியின் பேன் எண்ணில்தான். வருமானத்தைக் கணவர் காட்டுவதாக வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வரவு அவர் கணக்குக்கு மாறும். பேன் கார்டில் கணவர் பெயரைப் போட வேண்டிய அவசியமே இல்லை. பெயரை மாற்றினால் ஆதாரிலும் அதே எழுத்தில் மாற்றுங்கள்.

நான்காம் படி: வீடும் கழிவுகளும்

கழிவுகள் நிறைய உள்ள பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான் இது. இருவரும் கூட்டு உரிமையாளர், கூட்டுக் கடன்தாரர் என்றால் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை கழிவு. கணவர் காசு முழுக்கக் கொடுத்து மனைவி பெயரில் வீடு வாங்கினால் அந்த வீட்டின் வருமானம் கணவர் கணக்கில்தான் சேரும். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியக் கழிவு மனைவிக்கும் குழந்தைக்கும் தன் பெற்றோருக்கும் உண்டு, மாமனார் மாமியாருக்கு இல்லை. அவர்கள் பிரீமியத்தை மருமகள் கட்டுவதை விட மகன் கட்டுவது லாபம்.

ஐந்தாம் படி: அட்டையை மாற்றுங்கள்

இனி மறுபக்கம். முதல் வேலை கல்யாணத்தைப் பதிவு செய்வது. 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

பிறகு ரேஷன் கார்டு. ஓர் ஆதார் ஒரு கார்டில்தான் இருக்க முடியும். அதனால் வரிசை மாறக் கூடாது: முதலில் பிறந்த வீட்டுக் கார்டில் பெயர் நீக்கம், பிறகு புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் சேர்ப்பு. தனிக்குடித்தனம் என்றால் இரண்டு பக்கமும் நீக்கிவிட்டுப் புது அட்டைக்கு விண்ணப்பம். பொது வினியோகத் துறை இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ செய்யலாம். திருமணச் சான்று, முகவரிக்கு கரண்ட் பில்லோ கேஸ் பில்லோ வாடகை ஒப்பந்தமோ கேட்பார்கள். புது அட்டைக்கு வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இரண்டு அட்டை கேட்டால் அங்கேயே நின்றுவிடும்.

யாரோடு ஒரே அட்டையில் இருக்கிறீர்கள் என்பது இவ்வளவு முக்கியமாவது மகளிர் உரிமைத் தொகையில்தான். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது வகுத்த விதிகளின்படி, மாதம் 1,000 ரூபாய் ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மிகாமல், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். குடும்பத்தில் யாராவது அரசு ஊழியராகவோ, 2.5 லட்சத்துக்கு மேல் ஈட்டி வருமான வரி கட்டுபவராகவோ, சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் வைத்திருப்பவராகவோ இருந்தால் கிடையாது.

இதைக் கல்யாண வீட்டில் வைத்துப் பாருங்கள். மாமியார் வாங்கிக்கொண்டிருக்கும் அட்டையில் மருமகள் பெயர் ஏறினால் இருவருக்கும் கிடைக்காது, ஒருவரை வீட்டார் தேர்ந்தெடுக்க வேண்டும். மருமகள் கம்பெனியில் வேலை பார்த்து வரி கட்டுபவர் என்றால் அவர் பெயர் ஏறிய நாளிலிருந்து மாமியாரின் தகுதியே கேள்விக்குள்ளாகும். மாமனார் சீராகக் கார் வாங்கிக் கொடுத்தால் அதற்கு வருமான வரி ஒரு பைசா இல்லை, ஆனால் வீட்டுப் பெண்ணின் 1,000 ரூபாய் நின்றுபோகும். உதவித் தொகை விதிகள் அரசாணைக்கு அரசாணை மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

விவசாயிகளுக்கான மத்திய அரசின் பி.எம். கிசான் உதவியிலும் இதே குடும்பக் கணக்கு. கணவன், மனைவி, மைனர் குழந்தைகள் சேர்ந்து ஒரு குடும்பம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் குடும்பத்துக்கு ஒன்றுதான். கணவன் பெயரில் ஒரு பட்டா, மனைவி பெயரில் அப்பா வீட்டுப் பட்டா என்று இருவரும் தனித்தனியாக வாங்கினால் ஒருவர் திருப்பிக் கட்ட நேரும். முந்தைய ஆண்டில் ஒருவர் வருமான வரி கட்டியிருந்தாலும் இருவருக்கும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1.2 லட்சம்; மனைவி பெயர் கணவர் அட்டையில் ஏறாமல் இருந்தால் பிரசவ நேரத்தில்தான் தெரியவரும்.

ஆறாம் படி: சான்றிதழில் யாருடைய வருமானம்?

மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி. சான்று கேட்கும் மணமான பெண், கணவர் சம்பளத்தை எழுத வேண்டியதில்லை. கிரீமி லேயர், அதாவது ஒதுக்கீடு கிடைக்காத அளவுக்கு வசதியான பிரிவா என்று பார்ப்பது அவருடைய பெற்றோரை வைத்து. கல்யாணத்தால் சாதியும் மாறாது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டுச் சான்றில் கதை தலைகீழ். அங்கே பெற்றோர், 18 வயதுக்குக் கீழுள்ள உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை, 18 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் அனைவரின் வருமானமும் சேர்ந்து 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் கிடைத்த சான்று, நன்றாகச் சம்பாதிக்கும் கணவர் வந்ததும் கிடைக்காமல் போகலாம். பழைய நினைப்பில் விண்ணப்பித்துவிட்டுச் சான்று சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஏழாம் படி: கலப்புமணம், மறுமணம்

1989 முதல் நடந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 2022இல் புதுமைப் பெண் திட்டமாக, படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயாக, மாறிவிட்டது. "தாலிக்குத் தங்கம்" என்று இன்னும் பலர் கேட்டு வருவது அதைத்தான். கலப்புமணத்துக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டமும், விதவை மறுமணத்துக்கான டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டமும் தனி. 8 கிராம் தங்க நாணயத்தோடு 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ படித்திருந்தால் 50,000. ஒரு பகுதி சேமிப்புப் பத்திரமாக வரும். இந்த இரண்டுக்கும் வருமான வரம்பு இல்லை. கலப்புமணத் தம்பதி இரண்டு ஆண்டுக்குள், மறுமணம் செய்தவர் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் என்பது புதுக்குடித்தனத்தில் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

மறுமணத்துக்கு முன் எதை இழக்கிறோம் என்று பார்ப்பதும் அவசியம். மாதம் 1,200 ரூபாய் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மறுமணத்தோடு நிற்கும். பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் விதவைக்கு வரும் தொகையும் அப்படியே, குழந்தைகளின் பங்கு மட்டும் தொடரும். மத்திய அரசு ஊழியரின் குழந்தையில்லாத விதவைக்கு விதி சற்றுக் கருணையானது. மறுமணம் செய்தாலும், சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும் சேர்ந்த அளவை எட்டாதவரை குடும்ப ஓய்வூதியம் தொடரும். குழந்தை இருந்தால் அந்த ஓய்வூதியம் குழந்தைக்கு மாறும். மறுமணத்தை மறைத்து வாங்கிய தொகையைப் பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள்.

எட்டாம் படி: பி.எஃப். நாமினி

இதற்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்திருப்பதில்லை. கல்யாணத்துக்கு முன் பி.எஃப்.பில் போட்ட நாமினி கல்யாணத்துக்குப் பின் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். பணிக்கொடைக்கும் அலுவலகத்தில் புதுப் படிவம் கொடுக்க வேண்டும். பி.எஃப். நாமினிக்கு யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) இணையதளத்தில் மனைவியின் படம், ஆதார் எண் கொடுத்து, ஆதார் ஓ.டி.பி.யில் கையெழுத்திட்டால் முடிந்தது. அப்படிச் செய்யாமல் ஒருவர் இறந்துபோனால், 1952ஆம் ஆண்டுத் திட்ட விதிப்படி பணம் குடும்பத்தாருக்குச் சம பங்காகப் பிரியும். அதில் 18 வயது நிறைந்த மகனுக்குப் பங்கில்லை. கணவர் உயிரோடிருக்கும் மணமான மகளுக்கும் பங்கில்லை.